அந்தப் படம் பாக்கலாமோ?

உன் அக்காவின் கைப்பேசிக் கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருக்கிறது. அந்த வெடிப்புக்குக் கீழே, தொப்பியைச் சரித்துப் போட்டபடி, பாதி முகம் வெளிச்சத்திலும் மீதி இருட்டிலுமாக ஒருவன் நின்றான். கறுப்பு வெள்ளை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் நானும் மூன்று நாளில் நான்கு தடவை பார்த்த அதே உளவுப் படம். அக்காவின் மகள் கனடாவிலிருந்து தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான் படத்தின் கீறல்களையெல்லாம் துடைத்து, சத்தத்தையும் திருத்தி, இணையத்தில் ஏற்றிவிட்டிருக்கிறான்.

“இதுதானே தம்பி அவன்ரை படம்?” என்றார் அக்கா. பிறகு உன்னுடைய கேள்வியை உன்னுடைய தொனியிலேயே கேட்டார். “பாக்கலாமோ?”

நீ பருத்தித்துறை பஸ் நிலையத்தில் சைக்கிளைச் சரித்துக்கொண்டு, படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை மறித்துக் கேட்கும் கேள்வி அது. பதிலை வைத்து நீ படத்தை அளந்துவிடுவாய். “பாக்கலாம்” என்றால் நல்ல படம். “ஒருக்கால் பாக்கலாம்” என்றால் போகத் தேவையில்லை. “பாத்தால் பாக்கலாம்” என்று யாராவது இழுத்தால், “அண்ணை பாவம், ரெண்டரை மணித்தியாலம் உள்ளை இருந்திருக்கிறார்” என்று அவருக்காக இரக்கப்படுவாய்.

அக்காவுக்கு நான் அந்த மூன்றில் ஒன்றையும் சொல்லவில்லை. “அதிலை ஒண்டுமில்லை அக்கா. பழைய படம். உங்களுக்கு அலுப்படிக்கும்” என்றேன். அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். நான் சொன்னது பொய். அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சொல் வருகிறது. அது அக்காவின் காதில் விழும்போது நான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். இத்தனை வயதுக்குப் பிறகும் என் கோழைத்தனத்துக்கு ஒரு குறையுமில்லை.

நீ போய் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. ‘போய்’ என்றுதான் எழுத முடிகிறது. வேறு சொல்லை எழுதலாம் என்று சொல்லும் கடதாசி எதையும் யாரும் எங்களிடம் தரவில்லை. நீ இல்லை என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனால் ஊரே இடம்பெயர்ந்து திரும்பியபோதெல்லாம் முதல் ஆளாக வந்து உங்கள் வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கியவர் அவர்தான். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கொட்டகை உனக்கு நினைவிருக்கும். தகரக் கூரை, பகற்காட்சி, மின்விசிறி என்ற பெயரில் மேலே தொங்கிய ஒரு இரும்பு. படம் அப்போதே பழையது. நாம் பிறந்த காலத்தில் எடுத்திருப்பார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். ஏதோ ஒரு வரைபடம் களவு போகிறது. ஹோட்டலில் தங்கியிருக்கும் ஒன்பது பேரில் ஒருவன் எதிரியின் ஆள். யாரென்று தெரியாது. இவர்களுக்கிடையில் உடுப்புத் தோய்த்து அயர்ன் பண்ணிக் கொடுக்கும் ஒரு அப்பாவி. வருகிறவன் போகிறவன் எல்லோரும் அவன் பிடரியில் ஒன்று போட்டுவிட்டுப் போவார்கள். கடைசியில் அந்த அப்பாவிதான் நிமிர்ந்து நின்று, “நான்தான் சீஐடி” என்கிறான். பொலிஸ்காரர் எல்லோரும் அவனுக்கு சலூட் அடிக்கிறார்கள்.

அந்த இடத்தில் நீ எழுந்து நின்று கை தட்டினாய். பின்னாலிருந்தவர்கள் “இருடா, மறைக்காதை!” என்று கத்தினார்கள். நாலாம் தடவை பார்க்கும்போதும் முதல் தடவை போலவே எழுந்தாய். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே ஒருவன் இவ்வளவு சந்தோஷப்படுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த கிழமை உன் மாமாவின் மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கொலரைத் தூக்கிவிட்டு, சித்திரை வெயிலில் மீன் சந்தைக்கு வந்தாய். வியர்வை ஒழுகி மூக்கு நுனியில் நின்றது. மீன்காரப் பெண்கள் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“டேய் சீஐடி! ஆரைப் பின்தொடருறாய்? சூடை மீனையோ?” என்று கத்தினேன்.

சந்தை முழுவதும் சிரித்தது. நீயும் சிரித்தாய். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைப்பதை ‘பட்டம் தெளிக்கிறது’ என்பார்கள். நல்ல சொல்தான். ஒருதரம் தெளித்துவிட்டால் எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. இரண்டு நாளில் ஊர் முழுக்க நீ சீஐடி ஆனாய். உன் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் கேட்காததுபோல நடப்பாய். இந்தப் பெயருக்கு உடனே திரும்புவாய். தாய் தகப்பன் இல்லாமல் நீயும் அக்காவும் மட்டும் இருந்த அந்த வீடு ‘சீஐடி வீடு’ ஆயிற்று. புது ஆட்களுக்கு வழி சொல்லும்போது, “சீஐடி வீட்டுக்கு அங்காலை ரெண்டாவது ஒழுங்கை” என்பார்கள். ஒரு கலியாண அழைப்பிதழின் உறையில்கூட அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நீ சுவரில் குத்தி வைத்திருந்தாய்.

பிறகு காலம் மாறியது. சொல்லின் எழுத்து மாறவில்லை, உச்சரிப்பும் மாறவில்லை, ஆனால் அதைக் கேட்டவர்களின் முகம் மாறியது. சீஐடி என்றால் உளவு சொல்பவன் என்று ஆயிற்று. காட்டிக் கொடுத்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களைச் சந்திக் கம்பத்தில் கட்டி, கழுத்தில் குற்றம் எழுதிய மட்டை தொங்கவிட்ட காலம் அது. படத்தில் சலூட் வாங்கிக் கொடுத்த சொல் இங்கே வேறு ஒன்றைத்தான் வாங்கிக் கொடுத்தது. ஊரில் பலர் உன்னை அப்படிக் கூப்பிடுவதை மெல்ல நிறுத்தினார்கள். அவர்களுக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை.

ஒருநாள் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னாய்: “மச்சான், இனி உப்பிடிக் கூப்பிடாதை. சனம் ஒரு மாதிரிப் பாக்குது.”

“ஏன், பதவி உயர்வு கிடைச்சிட்டுதோ?” என்றேன் நான்.

நீ சிரிக்கவில்லை. “விளையாட்டில்லையடா” என்று மட்டும் சொன்னாய். சரி, இனிக் கூப்பிடமாட்டேன் என்று உன் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். ஒன்பது நாள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஒன்பது நாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். பிறகு எண்ணிப் பார்ப்பதற்கு எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

பத்தாம் நாள் எனக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை கிடைத்த கடிதம் வந்தது. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சந்திக்கு ஓடிவந்தேன். நீ றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாய். சந்தோஷத்தில் வாயில் வந்தது பழைய பெயர்தான்.

“டேய் சீஐடி! எனக்கு வேலை கிடைச்சிட்டுதடா!”

நீ திரும்பவில்லை. அந்தப் பெயருக்கு எப்போதும் திரும்புகிற நீ, அன்றைக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன், இன்னும் உரத்து. தேநீர்க்கடை வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்குப் புதியவர்கள். நீ றோட்டைக் கடந்து வந்து என் கையைப் பிடித்தாய். “நல்லதடா” என்றாய். ஏன் கூப்பிட்டாய் என்று நீ கேட்கவில்லை. உன் கை குளிர்ந்திருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன்.

மறுநாள் காலை உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள். யார் என்று இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்தில் வந்து கொண்டுபோவதற்குப் பல பேர் இருந்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது அக்கா படலைக்கு வெளியே றோட்டில் நின்றுகொண்டிருந்தார். கையில் துருவிய தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. “விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொன்னவங்கள் தம்பி” என்றார். நாங்கள் போகாத இடமில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது: “அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை.”

முதல் மாதத்தில் ஒருநாள், அப்படி ஒரு இடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பும்போது, அக்கா பஸ்ஸுக்குள் என்னைப் பாராமலே கேட்டார்: “எங்கடை வீட்டை அவங்களுக்கு ஆர் காட்டினது எண்டு உனக்கு ஏதும் தெரியுமோ?”

“தெரியாது அக்கா” என்றேன்.

அவர் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. என்னை நம்பிவிட்டார் என்று நினைத்தேன். நீ இருக்கும்போது கிடைத்த அந்த வேலையில் நான் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். ஒவ்வொரு காலையும் அந்தக் கதிரையில் உட்காரும்போது, இதைச் சொல்லத்தானே அன்றைக்குக் கூப்பிட்டேன் என்று தோன்றும். பிறகு கோவைகளைப் புரட்டத் தொடங்கிவிடுவேன். அப்படித்தான் ஒரு ஆயுள் போனது.

அக்காவுக்குப் பொய் சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய அடுத்த நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தைப் போட்டேன். இனி உனக்கு ஒழுங்கான பதில் சொல்கிறேன், கேள்.

முதல் அரைமணித்தியாலம் அருமை. துறைமுகத்தில் மழை பெய்கிறது, ஒருவரும் ஒன்றையும் விளக்கிச் சொல்வதில்லை, வெளிச்சமே கதை சொல்லிக்கொண்டு போகிறது. அந்த அப்பாவி ஒரு சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே கதவுக்குப் பின்னாலிருந்து வரும் பேச்சை ஒட்டுக்கேட்கும் இடம் உண்டல்லவா? அயர்ன்பெட்டி அசையாமல் நிற்கிறது, சட்டையிலிருந்து மெல்லப் புகை கிளம்புகிறது, அவன் முகம் மட்டும் மாறாமல் இருக்கிறது. அன்றைக்கு நாம் அதைக் கவனிக்கவேயில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். மற்றப்படி மூன்று பாட்டுகள் அதிகம். கதாநாயகி கதவு சாத்தும் சத்தத்துக்கும் மயங்கி விழுகிறார். வில்லனின் இரகசியக் குகைச் சுவர் அவன் கை பட்டதும் ஆடுகிறது. ஆகவே குறை நிறை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் நல்ல படம்தான்.

ஆனால் பெரிய பிழை ஒன்று இருக்கிறது மச்சான். ஒன்பது பேரைச் சந்தேகப்படுகிறார்கள். ஒருவன் பிடிபடுகிறான். மற்ற எட்டுப் பேரும் கடைசியில் ஹோட்டல் வாசலில் நின்று சிரித்துப் பேசிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒருவருடைய சட்டைகூடக் கசங்கவில்லை. தகரக் கொட்டகையில் நான்கு தடவை பார்த்தும் அது பிழை என்று நமக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வயதும் காலமும் அப்போது வந்திருக்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். அக்காவிடம் சொல்லிவிடுவது. பெயர் வைத்தது நான், சந்தியில் கத்தியது நான், அதுவும் இரண்டு தடவை. அவர் என்னை ஏசட்டும், படலையைச் சாத்தட்டும், எனக்கு ஒரு முடிவு கிடைத்தால் போதும். உண்மையைச் சொல்வதானால் நான் எதிர்பார்த்தது வேறு. ‘நீ கூப்பிடாட்டிலும் அவங்கள் வந்திருப்பாங்கள்’ என்று அவர் வாயால் ஒரு வசனம். அதைக் கேட்டுவிட்டால் மிச்ச நாட்களை எப்படியும் ஓட்டிவிடலாம் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனேன். அக்கா படத்தை இன்னும் பார்க்கவில்லை.

“நீ வரட்டும் எண்டு வைச்சிருக்கிறன்” என்றார். “ஒண்டுமில்லை எண்டு சொன்னனிதான். ஒண்டுமில்லாத படத்தை அவன் நாலு தரம் ஏன் பாத்தவன்?”

கைப்பேசியைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்து, இரண்டு கதிரைகளை நெருக்கிப் போட்டார். அக்கா இந்த வயதில் இவ்வளவு கவனமாகப் படம் பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்த அப்பாவியின் பிடரியில் முதல் அடி விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். “இதைத்தான் அவன் குசினிக்குள்ளை எனக்கு நடிச்சுக் காட்டினவன். தன்ரை பிடரியிலை தானே அடிச்சுக்கொண்டு!” என்றார். நீ வீட்டில் நடித்துக் காட்டியது எனக்குத் தெரியாது. பாட்டு வரும்போது அரிசியில் கல் பொறுக்கினார், பாட்டு முடிந்ததும் சுளகை வைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அந்த இடம் வந்தது. அவன் நிமிர்ந்து நின்றான். “நான்தான் சீஐடி” என்றான். அக்கா விரலால் திரையைத் தொட்டார். சலூட் அடிக்க உயர்த்திய கைகளோடு படம் அப்படியே நின்றது.

நான் சொன்னேன். சந்தை, மழைக்கோட்டு, சூடை மீன், நீ கேட்டுக்கொண்டது, நான் சத்தியம் பண்ணியது, பத்தாம் நாள், இரண்டாம் தடவை கூப்பிட்டது, மோட்டார் சைக்கிள். எல்லாவற்றையும் அவருடைய முகத்தைப் பார்க்காமல், நின்றுபோன படத்தைப் பார்த்தே சொன்னேன்.

“பேர் வைச்சது நீயெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்” என்றார் அக்கா. “சந்தையாலை வந்து துள்ளித் துள்ளிச் சொன்னவன். சந்தியிலை கூப்பிட்டது தெரியாது.”

சுளகிலிருந்த அரிசியை விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஓரத்துக்குக் கொண்டுவந்தார்.

“அண்டைக்கு நான் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தனான். படலையடியிலை நிண்டு, ‘சீஐடி வீடு இதோ?’ எண்டு ஒருத்தன் கேட்டான். எத்தினை வருசமாய் எல்லாரும் அப்பிடித்தானே கேட்கிறவை. நான் ‘ஓம்’ எண்டனான் தம்பி. ‘ஓம், உள்ளை வாங்கோ, தம்பி குளிக்கிறான்’ எண்டனான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டும் சொன்னனான்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

“பஸ்ஸுக்குள்ளை உன்னட்டைக் கேட்டனான், நினைவிருக்கோ? வீட்டை ஆர் காட்டினது எண்டு. அது உன்னிலை சந்தேகப்பட்டுக் கேட்டதில்லை. நான் ஓம் எண்டதை அயலட்டையிலை ஆரும் கேட்டு உன்னட்டைச் சொல்லிப்போட்டினமோ எண்டு அறியத்தான். நீ தெரியாது எண்டனி. எனக்கு எவ்வளவு ஆறுதலாய் இருந்தது தெரியுமோ?”

முப்பத்தைந்து வருடங்கள் மச்சான். ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனோம். உன் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஒரே வரிசையில் வெயிலில் நின்றோம். நான் அவருக்கும், அவர் எனக்கும் ஒளித்துக்கொண்டே உன்னைத் தேடினோம்.

அக்கா திரையை மறுபடி தொட்டார். கைகள் இறங்கின, இசை வந்தது. எட்டுப் பேரும் ஹோட்டல் வாசலில் நின்று சிரித்தார்கள்.

“இப்ப இவை எல்லாரும் வீட்டை போகினமோ?” என்று கேட்டார்.

“போகினம் அக்கா.”

“அப்ப நல்ல படம்” என்றார். கைப்பேசியை எடுத்து முந்தானையால் துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்குச் சோறு போட்டார், சாப்பிட்டேன். சூடைப் பொரியல் வைத்திருந்தார். வெளிக்கிடும்போது, “போட்டு வாறன் அக்கா” என்றேன். “கவனமாய்ப் போ” என்றார். ஏச்சும் இல்லை, அழுகையும் இல்லை. நான் கேட்கப் போன வசனமும் இல்லை.

யாராவது கேட்டால் அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பு வருகிற ஊரில் இருப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். உன் தரப்படுத்தலில் முதலாம் தரம்.

அக்காவுக்குச் சொல்ல என்னிடம் அதே வசனம் இருக்கிறது. ‘நீங்கள் சொல்லாட்டிலும் அவங்கள் உள்ளை வந்திருப்பாங்கள்.’ ஒவ்வொரு ஞாயிறும் அதை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன், திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன். எனக்கு அது எப்படித் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அப்படித்தான் தேவைப்படும். ஆனால் சொன்ன பிறகு அக்கா என் முகத்தைப் பார்த்து, “உண்மையாவோ தம்பி?” என்று கேட்பார். நான் ஓம் என்று சொல்லவேண்டியிருக்கும்.